தொண்ணூறு என்னும் சொல்

மொழி பயில்வார்க்கு இலக்கண விதிகள் ஓரளவு இனியன. விதிக்கடங்காச் சொற்களோ இன்னாதன. ஆங்கிலத்தில் ஒருமையில் ‘வாஸ்’ என நிற்கும் வினை பன்மையில் ‘வேர்’ ஆவது ஏன் என்று வினவும் மாணாக்கன் பெரும்பாலும் பெறும் விடை, ‘வழக்கம் அது’ என்பதே. ஆயின் மொழிகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, விதிக்கடங்காச் சொற்களே பழைய ஒழுங்கின் எச்சங்களாய் நின்று பெருந்துணை புரிகின்றன. இதனை நம் எண்ணுப்பெயர் ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

எட்டுப் பத்து எண்பது. ஒன்பது பத்து ‘தொண்ணூறு’ ஆவது என்னை? ஒன்பது என்பதன் முதலில் தகரத்தை நிறுத்தி, பஃதை அகற்றி, னகரத்தை ணகரமாக்கி, பத்தினை நூறாகத் திரிக்க என்பது நன்னூலார் விதி. தொல்காப்பியரும் எழுத்ததிகாரத்தில் இதனைக் கூறியுள்ளார். இவ்விதிகள் சொல்லின் அமைப்பைச் செவ்விதிற் காட்டும். அவ்வமைப்பின் வரலாற்றை அறிய வேண்டின் அண்டை மொழிகளை வினவுதல் வேண்டும்.

கன்னடத்தில் 9 ‘ஒம்பத்து’, 90 ‘தொம்பத்து’. தெலுங்கில் 9 ‘தொம்மிதி’, 90 ‘தொம்பை’. மலையாளத்தில் நம்மிற் போலவே ‘ஒன்பது’, ‘தொண்ணூறு’. 90 என்னும் எண்ணுப்பெயர் நான்கு மொழியிலும் தகரம் பெற்றுள்ளது. தெலுங்கில் 9 என்பதும் பெற்றுள்ளது. எனவே, இத்தகரம் இடையில் வந்து ஒட்டியதன்று, பழைய சொல்லிலேயே இருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. தொல்காப்பியச் செய்யுளியலில் ஒன்பது என்னும் பொருளில் ‘தொண்டு’ என்னும் சொல் வந்துள்ளது.

இனி, பத்து நிற்கவேண்டிய இடத்தில் நூறு புகுந்தது எக்காலத்து? கன்னடமும் தெலுங்கும் பத்தினையே கொண்டன. தமிழும் மலையாளமும் நூற்றைக் கொண்டன. 900 என்பதும் இவ்விரண்டிலும் ‘தொள்ளாயிரம்’ ஆகும். ஆதலின் இம்மாற்றம் இவ்விரண்டும் ஒன்றாயிருந்த காலத்ததாதல் வேண்டும். நால்வரும் ஒரு குடிப்பிறந்தார் என்பதைத் தகரம் உணர்த்த, இருவர் நெடுநாள் ஒருமனையில் வாழ்ந்தார் என்பதை நூறு உணர்த்துகின்றது.

ஒலித்திரிபும் இங்ஙனமே. தமிழிற் பால், புலி, பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து என வரும். ஆயின் 20 ‘இப்பத்து’ ஆகும். பத்து ஒருகால் ஹத்து ஆகவும், ஒருகால் பத்தாகவே நிற்கவும் கண்டு புதிதாய்ப் பயில்வான் மயங்குவான். சொன்முதற் பகரமே ஹகரமாயிற்று. இடைநின்ற பகரம் தப்பியது. பழங்கன்னடக் கல்வெட்டுக்களிற் சொன்முதலிலும் பகரமே நிற்றல் காணலாம்.

மேனாட்டிலும் விதிவிலக்குக்களே புதுவிதிக்கு வழிகாட்டின. இலத்தீன் ‘பாத்தெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆவது போன்ற திரிபுகளை 1822இல் யாக்கோப் கிரிம் ஒழுங்குபடுத்தினார். அவற்றுள் அடங்காது நின்ற பலவற்றைத் தேனியப் புலவர் கார்ல் வெர்னர் ஆராய்ந்து, பண்டை அசையழுத்தம் நின்ற இடமே காரணம் என 1877இல் நிறுவினார். வாஸ், வேர் என்னும் வேறுபாடும் அதனால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், மொழிகளின் உறவு துணிதலாம். தெலுங்கிலும் கன்னடத்திலும் வடசொல் மிகுதியாதல் கண்டு, அவற்றை வடமொழியின் புதல்வியர் எனக் கருதினார் பலர். 1816இல் சென்னையில் எல்லிஸ் துரை தெலுங்கைப்பற்றி அக்கருத்தை மறுத்தார். 1856இல் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தால் திராவிட மொழிகளின் உறவை விரித்துக் காட்டினார். சொற்களைக் கடன்கொள்ளல் எளிது; ஒழுங்கின்மையைக் கடன்கொள்வார் அரியர். வடமொழியில் 9 ‘நவ’, 90 ‘நவதி’. தொண்டின் சுவடு ஆங்கு இல்லை. நம் நான்கு மொழியிலும் உண்டு.

ஆதலின், நண்பர்காள், நெட்டுருச் செய்யுங்கால் விதிக்கடங்காச் சொல்லொன்று எதிர்ப்படின் வெறுக்கற்க. விடுதியில் அடுத்த அறையிலுள்ள தெலுங்கரையோ மலையாளரையோ அணுகி, அவர் மொழியில் அஃது எவ்வாறு வழங்குகின்றது எனக் கேட்டறிக. நம் சொல்லின் வரலாறு அவர் நாவில் இருத்தலுங் கூடும்.