பழைய தார் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆண்டைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா தார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். இந்த வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. எந்த ஆண்டு, எந்த மாதம் தயாரானது என்பதே முதல் கேள்வி. 2010-ல் வந்த தாரும் 2020-ல் வந்த தாரும் பெயரில்தான் ஒன்று. எஞ்சின், சஸ்பென்ஷன், பாதுகாப்பு எல்லாமே வேறு. ஒரே தலைமுறைக்குள்கூட முக்கியமான பாகம் ஒன்று ஓர் ஆண்டில் சேர்ந்திருக்கிறது, இன்னோர் ஆண்டில் விலகியிருக்கிறது. அது தெரியாமல் வாங்கினால், கரடுமுரடான பாதைக்கென்று ஆசையாக எடுத்த வண்டி முதல் மழையிலேயே சேற்றில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்.

என் பரிந்துரையை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது 2021 அல்லது 2022-ல் தயாரான எல்.எக்ஸ். வகை டீசல், ஃபோர்-வீல் டிரைவ், மேனுவல் கியர். பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்க வேண்டும். காரணங்களை ஆண்டு வாரியாகப் பார்க்கலாம்.

2010 முதல் 2015 வரை

2010 அக்டோபரில் வந்த முதல் தாரில் இரண்டு டீசல் எஞ்சின்கள். டி.ஐ. வகை 63 குதிரைத்திறன், சி.ஆர்.டி.இ. வகை 2.5 லிட்டர், 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் டார்க். டி.ஐ. மலிவாகக் கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். அதில் ஃபோர்-வீல் டிரைவ் இல்லாத வண்டிகளும் உண்டு.

இந்தக் காலத்து வண்டிகளில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பின் இருக்கைகள் பக்கவாட்டில் பார்த்தபடி எதிரெதிராக இருக்கும். அதோடு 15 ஆண்டுப் பதிவுக் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. முடிந்த பிறகு தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தோட்டத்துக்குள் ஓட்ட ஒரு வண்டி வேண்டும், கைவசம் நல்ல மெக்கானிக் இருக்கிறார் என்பவர்கள் மட்டும் இந்தப் பக்கம் போகலாம்.

2015 முதல் 2019 வரை

2015 ஜூலையில் வந்த மாற்றம்தான் முதல் தலைமுறையின் திருப்புமுனை. சி.ஆர்.டி.இ. வகையின் பின் ஆக்சிலுக்கு மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வந்தது அப்போதுதான்.

சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும். ஒரு பின் சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. லாக்கிங் டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களின் வேகமும் அளவுக்கு மீறி வேறுபட்டதும் தானாகவே பூட்டிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும். சேறும் பாறையுமான பாதையில் தேறி வருவதும் கயிறு கட்டி இழுபடுவதும் பெரும்பாலும் இந்த ஒரு பாகத்தைப் பொறுத்தது.

முதல் தலைமுறைதான் வேண்டும் என்பவர்கள் 2019-ல் தயாரானதைத் தேடுங்கள். விதி கட்டாயமானதால் ஏ.பி.எஸ். வந்த ஆண்டு அது. அந்தத் தலைமுறைக்கு விடைகொடுக்க வந்த 'தார் 700' எழுநூறு வண்டிகள் மட்டுமே. அதற்கு அபூர்வப் பொருளின் விலை சொல்வார்கள். ஓட்டுவதற்காக வாங்குபவர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை. குழந்தைகளோடு வெளியூர் போகத்தான் வண்டி என்றால், முதல் தலைமுறையை எந்த ஆண்டிலும் நான் சொல்ல மாட்டேன்.

2020 முதல் 2022 வரை

இரண்டாம் தலைமுறை 2020 அக்டோபர் 2-ல் விற்பனைக்கு வந்தது. 2.2 லிட்டர் டீசல் 130 குதிரைத்திறன், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் 150 குதிரைத்திறன். பின்புற லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் நான்கு நட்சத்திரம் பெற்றது. அந்தக் காலத்தில் எல்லாத் தாரும் ஃபோர்-வீல் டிரைவ் என்பது பழைய வண்டி தேடுபவருக்குப் பெரிய நிம்மதி.

2020-ஐ விட்டு 2021, 2022 என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரான 1,577 டீசல் வண்டிகளை, கேம்ஷாஃப்ட் சோதனைக்காக நிறுவனமே திரும்ப அழைத்தது. அந்த வண்டி கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். சோதனை முடிந்ததற்கு சர்வீஸ் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பதிவு இல்லையென்றால் விலகுங்கள். தொடக்கத்தில் வந்த சில வண்டிகளில் பக்கவாட்டு இருக்கைகளும் உண்டு, அவற்றைத் தவிர்க்கவும்.

லாக்கிங் டிஃபரன்ஷியல் எல்லா வண்டியிலும் கிடையாது. விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் உறுதிப்படுத்துங்கள்.

தினமும் நகரத்துக்குள் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் எடுங்கள். பி.எஸ்.6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அவ்வப்போது சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். இல்லையேல் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

2023 முதல்

2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கத் தார் வந்தது. பார்வைக்கு அதே வண்டி, விலையும் குறைவு. 1.5 லிட்டர் டீசல், 117 குதிரைத்திறன். சாலையில் ஓட்ட நல்ல வண்டிதான், கரடுமுரடான ஏற்றத்துக்கு ஆகாது. பின்பக்கம் 'ஃபோர் பை ஃபோர்' ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று உள்ளே பாருங்கள்.

அதே சமயத்தில் பல ஃபோர்-வீல் வகைகளில் மெக்கானிக்கல் லாக்குக்குப் பதிலாக, சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு வந்தது. மிதமான பாதைக்கு அது போதும். அடிக்கடி கடினமான பாதைக்குப் போகிறவருக்கு மெக்கானிக்கல் லாக்கே மேல்.

ஆண்டு சரி, வண்டி சரியா?

நல்ல ஆண்டின் மோசமான வண்டியைவிட, சுமாரான ஆண்டின் நன்கு பராமரித்த வண்டி மேல். இவற்றைக் கட்டாயம் பாருங்கள்:

• வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தைப் பாருங்கள். துரு, புது வெல்டிங், புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட் மூன்றுமே எச்சரிக்கை. கடலோர ஊர் வண்டி என்றால் இன்னும் கவனம்.

• சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் தூத்துக்குடியிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். காப்பீட்டு கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

• டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் கலந்தது போலிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

• மண் தரையில் ஃபோர்-வீல் டிரைவின் 4 எச், 4 எல் நிலைகள் இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். கெட்டியான சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே வேக வேறுபாட்டை ஏற்கும் பாகம் இதில் இல்லாததால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

• பெரிய டயர், இரும்பு பம்பர், உயர்த்திய சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்குக் கூடுதல் விலை தராதீர்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது சட்டப்படி தவறு என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்கான அபராதமும் எஃப்.சி. சிக்கலும் இனி உங்களுடையவை.

காகிதமும் விலையும்

ஆர்.சி.யில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டிசம்பரில் தயாராகி ஜனவரியில் பதிவான வண்டியை ஒரு வருடம் புதியது என்று விற்பார்கள்; தயாரிப்பு ஆண்டை வைத்தே பேரம் பேசுங்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு டெல்லியில் இருந்துவரும் கெடுபிடியால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வருகின்றன. தடையின்மைச் சான்றிதழ், இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு அது மலிவா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

தாருக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்பதால் பழையதன் விலை புதியதை நெருங்கி நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்து, புது வண்டிகளின் விலையும் இறங்கியிருக்கிறது. ஆகவே விற்பவர் தான் வாங்கிய விலையை எடுத்துக் காட்டினால், இன்றைய புது வண்டியின் ஆன்-ரோடு விலையை வைத்துப் பதில் சொல்லுங்கள். 2022 வண்டிக்கும் புதியதற்கும் இரண்டு லட்ச ரூபாய்க்குள்தான் வித்தியாசம் என்றால், கொஞ்சம் பொறுத்துப் புதியதையே எடுங்கள். அதற்கு மேல் வித்தியாசம் இருந்து, அடிச்சட்டமும் சர்வீஸ் பதிவும் சுத்தமாக இருந்தால் தயங்காமல் முன்பணம் கொடுங்கள்.