செய்தி அனுப்பும்போது ஏன் ரீசெட் ஆகிறது?

கேள்வி: வள்ளத்துக்கு ஏடிமெகா328 சிப் வைத்து நானே செய்த இருப்பிடக் கருவி, சிம் வழியே செய்தி அனுப்பும்போதெல்லாம் ரீசெட் ஆகிறது. மீட்டரில் 3.7 வோல்ட் இருக்கிறதே?
– வாசகர், திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: ஜிஎஸ்எம் மாட்யூல் அலை அனுப்பும்போது அரை மில்லி விநாடிக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், சாதாரண மீட்டருக்கு அது தெரியாது. வயரில் அரை ஓம் இருந்தாலே 1 வோல்ட் விழுந்து, 2.7தான் மிஞ்சும். உங்கள் ஏடிமெகா328 சிப்பின் பிரவுன்-அவுட் (வோல்ட் குறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் காவல்) வரம்பும் 2.7 என்றால் ரீசெட் நிச்சயம். தயவுசெய்து அந்தக் காவலை அணைத்துவிடாதீர்கள், சிப் 1.8 வோல்ட்டில் ஓடும் என்பது 4 மெகாஹெர்ட்ஸ் வேகம் வரைக்கும்தான். முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பித்தளை முனை பச்சை பூத்திருக்கும், மின்தடை ஏறுவது அங்கேதான். மாற்றிவிட்டு, குட்டையான தடித்த வயர் போட்டு, மாட்யூலை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள்.