ஊர்த்தலைமையும் உரிமையும்

சங்யுத்த நிகாயத்தில் காமணி சங்யுத்தம் என்றொரு பகுதி உண்டு. காமணி என்னும் பாலிச் சொல் ஊர்த்தலைவனையும் குழுத்தலைவனையும் குறிக்கும். அத்தகையோருடன் பகவன் புத்தர் நிகழ்த்திய உரையாடல்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஆசியாவில் இப்பதவி எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இது சான்றாகும். அப்பதவி ஒருவருக்கு எவ்வழியில் கிட்டியது, அவர் யாருக்குக் கணக்குக் காட்டினார் என்னும் இரண்டினையும் அன்பர்கள் ஆராய்தல் வேண்டும்.

பழைய மைசூர் நாட்டுக் கிராமங்களில் பட்டேல் தலைவர், சானுபோகர் கணக்கர். இவர்கட்குக் கீழே தலையாரி, தோட்டி, நீர்கண்டி ஆகியோர் ஊழியம் செய்தனர். யாவும் பரம்பரைப் பதவிகளே. பட்டேலின் மகன் பட்டேலானான். தோட்டியின் மகன் தோட்டியானான். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. தமிழ்நாட்டில் மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. இலங்கையிலோ, 1963-இல் விதானைமாரின் இடத்திற்குக் கிராம சேவகர் என்னும் அரசு அலுவலர் வந்தனர். தாய்லாந்தில் கிராமத்தாரே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

தேர்தல் நமக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 921-ஆம் ஆண்டினது, குடவோலை முறையை விளக்குகிறது. 30 குடும்புகளிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். இது போற்றத்தக்க விதியே. ஆயினும் அது பிராமணர் சபை. வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுது விளைவித்தவனின் பெயர் குடத்தினுள் விழவேயில்லை.

அக்குறையை நீக்கவே 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியற் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. ஆனால் சட்டம் வந்ததும் மனம் மாறிவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தனித்தொகுதித் தலைவர் எவரும் நிலைத்திருக்க விடப்படவில்லை. 2006-இல்தான் அங்கு முறையான தேர்தல் நிறைவேறியது.

ஆகவே அன்பர்களே, உத்தரமேரூரின் கணக்கு விதியைக் கொள்வோம். அதன் வேலியைத் தள்ளுவோம். சொந்த ஊருக்குச் செல்லுங்கால் கிராம சபையில் அமருங்கள். வரவு செலவைக் கேளுங்கள். நம்மவர் தலைவராயின் அவரையும் அவ்வாறே கேளுங்கள். ஊரார் அஞ்சாது கேட்கும் இடத்தில்தான் தலைவரும் அஞ்சாது பணி செய்ய இயலும்.