பட்டு வேட்டியை நம்பாதீர்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங் கற்க வருகிற பிள்ளைகள், டாவின்சி ரிசால்வைத் திறந்ததும் முதல் காரியமாக ஒரு லட் ஃபைலை இழுத்துப் போடுகிறார்கள். சினிமா மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பு. ஆவது என்னவோ, பெண்ணின் முகம் பச்சையாக. படத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் கலர் கரெக்‌ஷன் முதலில். அதற்கு ஒரு தொனி கொடுக்கும் கிரேடிங் கடைசியில். இதில் என்னிடம் பேரம் கிடையாது.

மானிட்டரில் நைட் லைட்டை அணையுங்கள். எஸ்-லாக்3-இல் எடுத்த ஃபுட்டேஜ் என்றால், கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு ரெக்.709-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேவ்ஃபார்மைப் பார்த்து, கருப்பை லிஃப்டிலும் வெளிச்சத்தை கெய்னிலும் நடுவை காமாவிலும் சரிசெய்யுங்கள். தலைமுடி அடிக்கோட்டுக்கு அருகில் நிற்கலாம், 0-இல் போய் அப்பிக்கொள்ளக் கூடாது.

இனிதான் எல்லாரும் வழுக்கி விழும் இடம், ஒயிட் பேலன்ஸ். பிக்கரை எடுத்து நேராக மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வைக்கிறார்கள். அது வெள்ளையா? சந்தன நிறம். அதை வெள்ளை என்று சொல்லிக் கொடுத்தால், அந்த மஞ்சளைக் கழிக்க மென்பொருள் படம் முழுக்க நீலத்தை ஏற்றும். மேடையில் நிற்கும் மொத்தக் குடும்பமும் ஊட்டிக் குளிரில் விறைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு முழு முகூர்த்தத்தை இப்படிக் கெடுத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நானே திரும்பச் செய்திருக்கிறேன். நீலம் போட்டுத் துவைத்த பருத்தி வேட்டியும் உதவாது, அது எதிர்ப்பக்கம் இழுக்கும்.

நான் தலைமுடியில் தொடங்குவேன். பரேடு ஸ்கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அடியும் சமமாக வரும்படி லிஃப்ட் சக்கரத்தை நகர்த்துங்கள். அடுத்தது தோல். அதே நோடில் கன்னத்தை மட்டும் ஒரு பவர் விண்டோவால் வளைத்து ஷிஃப்ட்+எச் அழுத்தினால் மற்றதெல்லாம் சாம்பலாகும். வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோட்டை ஆன் செய்யுங்கள். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே, பதினோரு மணிக்குச் சின்ன முள் நிற்கும் திசையில் இருக்கும். கன்னத்தின் நிறம் அந்தக் கோட்டை ஒட்டி வரும்வரை காமா சக்கரத்தை மெதுவாக நகர்த்தி, பிறகு விண்டோவை எடுத்துவிடுங்கள். திருத்தம் படம் முழுக்கப் பரவும்.

கருப்போ மாநிறமோ சிவப்போ, எல்லார் தோலும் அந்தக் கோட்டருகேதான் விழும். பெரிதாக மாறுவது வெளிச்ச அளவுதான். பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள் என்று வீட்டார் கேட்பார்கள். நான் செய்வதில்லை. நலங்கு முடிந்து வந்த முகம் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கம் சாயும். பூசியதே மஞ்சள்தானே, விட்டுவிடுங்கள்.

மண்டபத்தில் தலைக்கு மேல் மஞ்சள் பல்பு, எதிரே எல்இடி, வாசலில் வெயில். மூன்றையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது. முகம் சரியாக இருந்தால் போதும், பின்னால் இருக்கும் அலங்காரம் மஞ்சளடித்துவிட்டுப் போகட்டும். ரிசப்ஷனில் ஊதா லைட் மட்டும் நேராக முகத்தில் அடித்திருந்தால் எந்தச் சக்கரமும் மீட்காது. மற்ற நிறம் பதிவானால்தானே மீட்பதற்கு!

தாலி கட்டும் வைட் ஷாட்டை முதலில் முடித்து, ஸ்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கேமராக்களின் ஷாட்டுகளை வைப் போட்டு அதோடு பொருத்துங்கள்.

இப்போது போடுங்கள் உங்கள் லட்டை, தனி நோடில். கீ அவுட்புட்டை 0.4-க்கு இறக்கிவிடுவது என் வழக்கம். முழு அளவில் நான் இதுவரை விட்டதில்லை. அரக்குப் பட்டின் மடிப்பு தெரியாமல் சிவப்பு அப்பியிருந்தால், ஹியூ வெர்சஸ் சாட் வளைவில் சிவப்பை மட்டும் சற்று இறக்குங்கள். இதெல்லாம் இலவசப் பதிப்பிலேயே உண்டு.

கடைசியாக, கெட்டிமேள ஷாட்டை உங்கள் ஃபோனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெண் வீட்டார் முதலில் பார்க்கப்போவது அதில்தான்.