இடாப்பில் ஒரு பெயர்

ஊரைவிட்டுப் புறப்படும்போது விதைநெல்லையும் அடையாள அட்டையையும் மறவாமல் எடுத்துக்கொள்கிறோம். பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை நினைப்பவர்கள் குறைவு. இதுபற்றி இப்பாடத்தில் சிந்திப்போம்.

வத்தேகமவைச் சூழ்ந்த தோட்டப்பகுதிகளில் தரம் 5 வரை மட்டும் உள்ள சிறு பாடசாலைகள் உண்டு. இவை எளிதாகக் கிடைத்தவை அல்ல. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே விடப்பட்டன. ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்பதே பல இடங்களில் நிலைமை. 1977ஆம் ஆண்டிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசப் பாடநூல் 1980இலும் சீருடை 1993இலும் வந்தன.

இத்தகைய பாடசாலையின் உயிர் இடாப்பில் இருக்கிறது. பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே ஆசிரியர்கள் நியமிக்கப்படுகிறார்கள். நான்கு குடும்பங்கள் வெளியேறினால் ஆறேழு பெயர்கள் குறையும்; பிறகு ஓர் ஆசிரியர் மாற்றப்படுவார். எஞ்சியவர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பிப்பார். அதைக் கண்டு வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். தொகை மிகவும் குறைந்தால் மூடுவது அல்லது வேறொன்றுடன் இணைப்பது என்ற பேச்சு எழும்.

“அந்தப் பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் இல்லை, சாமி” என்று நம்மிடம் சொல்பவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு எட்டுப் பேர் தோற்றி ஒருவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் 12.5 வீதம். அடுத்த ஆண்டு ஐந்து பேரில் இருவர் தாண்டினால் 40 வீதம். ஒரே ஆண்டில் பாடசாலை மும்மடங்கு முன்னேறிவிட்டதா? இல்லை, கூடியது ஒரே ஒரு பிள்ளை. சிறு பாடசாலையை வீதத்தால் அளக்கக் கூடாது. தரம் 3 பிள்ளை தன் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடக்காமல் வாசிக்கிறதா என்று மாலையில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் தடக்குவது காதில் விழும்.

பின்தங்கும் பிள்ளைகளில் பலர் இரண்டு பாடசாலைகளுக்கு நடுவே சில மாதங்களைத் தொலைத்தவர்கள். பழைய இடத்தில் பெயர் வெட்டப்பட்டிருக்கும். புதிய இடத்தில் பதிவு இராது. அந்த மாதங்களில்தான் கூட்டல் கழித்தல் மறந்துபோகிறது. பிறகு பிள்ளை வெட்கத்தினால் வர மறுக்கும்.

ஆகவே புறப்படுமுன் அதிபரிடம் விடுகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். சிலர் நம்மிடம் கடிதம் கேட்டு வருகிறார்கள்; தருகிறோம், ஆனால் குருவானவரின் கடிதம் விடுகைப் பத்திரம் ஆகாது. பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குக் கிராம அலுவலரின் உதவியுடன் விண்ணப்பியுங்கள். பத்திரம் வரும்வரை பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். 1998இல் 14 வயதுவரை என்றிருந்த கட்டாயக் கல்வி 2016இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. அச்சட்டம் உங்கள் பிள்ளைக்கும் உரியது. அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, அதன் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.