தைக்கக் கொடுத்த ஜோடு

மருமகனுக்கு,

ஊரில் கடையடைப்பும் கல்வீச்சும் நடந்துவிட்டால் அராஜகம் தலைவிரித்தாடுகிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்த அராஜகத்தைத் தத்துவமாகக் கொண்டவர்களும் எறும்புக்கும் தீங்கு நினையாத சாந்தசீலர்களும் ஒரே வரிசையில் எப்படி நிற்கமுடியும் என்று கேட்டிருந்தாய். அது சொல் செய்த குழப்பம். அரசன் இன்மை என்பதே அதன் நேர்ப்பொருள். தன் நடத்தைக்குத் தன் மனச்சாட்சியே அதிகாரியாக இருக்கையில், வெளியிலிருந்து ஒரு சர்க்கார் வந்து தர்மாதர்மங்களை நிர்ணயிக்க வேண்டியதில்லை என்று கருதுகிறவன் தனிமனித அராஜகவாதி. அவன் கல்லை எடுப்பானா மாட்டானா என்பது வேறு கேள்வி. அப்படிக் கருதிய ஒருவரின் கதையைக் கேள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரில், 1846 ஜூலை மாதத்து மாலையொன்றில், வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வசித்துவந்த ஹென்றி டேவிட் தோரோ என்ற இருபத்தொன்பது வயது இளைஞர், தைக்கக் கொடுத்திருந்த ஜோட்டை வாங்கிப்போக ஊருக்குள் வந்தபோது, வரி வசூலிப்பவரும் சிறைக்காவலருமாகிய சாம் ஸ்டேப்பிள்ஸ் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். வருஷத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி; அதைத் தோரோ பல வருஷங்களாகக் கட்டவில்லை. அடிமை முறைக்குக் காவலாக நின்று, அந்த வருஷம் மெக்சிகோவின்மீது யுத்தமும் தொடுத்துவிட்ட சர்க்காருக்கு விசுவாசம் காட்ட அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆனால் சாலை வரியை மட்டும் ஒழுங்காகக் கட்டிவந்தார். அண்டை அயலாருக்கு நல்லவனாக இருக்க வேண்டுமே! அவர் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சிறை வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. களஞ்சியத்தைக் கொளுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் அறைத் துணை. குடித்துவிட்டுப் புகைக்குழாயோடு தூங்கிப்போயிருப்பார் என்பது தோரோவின் அனுமானம். காலையில் தகரப் பாத்திரத்தில் சாக்லேட் பானமும் பழுப்பு ரொட்டியும் வந்தன. மிஞ்சிய ரொட்டியைத் தோரோ திருப்பிக் கொடுக்கப் போக, பகலுக்கு ஆகும் என்று அந்த அநுபவசாலி பிடுங்கி வைத்துக்கொண்டார். இதற்குள் யாரோ வரியைக் கட்டிவிட்டார்கள். அத்தை மரியாதான் என்பது பலருடைய நம்பிக்கை. அத்தைமார் எந்தத் தேசத்திலும் அத்தைமார்தாம்! விடுதலையில் சந்தோஷப்படாத அந்தக் கைதி, நேரே சென்று ஜோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, ஹக்கிள்பெரிப் பழம் பறிக்கக் குன்றேறினார்.

அந்த ஓர் இரவிலிருந்து பிறந்த வியாசம் 1849-இல் அச்சேறிற்று. 1907-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அதன் பகுதிகளை வெளியிட்டார். ஆகவே தோரோவை அஹிம்ஸாவாதி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் 1859 அக்டோபரில், அடிமைகளை விடுவிக்க ஜான் பிரௌன் ஆயுதந்தாங்கி ஹார்ப்பர்ஸ் பெர்ரி ஆயுதசாலையைத் தாக்கிச் சிறைப்பட்டபோது, இரண்டு வாரத்துக்குள் கான்கார்டில் மேடையேறி அவருக்காகப் பரிந்து பேசியவர் இதே தோரோதான். அதே மாசசூசெட்ஸில் வாழ்ந்த பாதிரியார் அடின் பாலூவோ, பலாத்காரமே பாபம், ஆகையால் பலாத்காரத்தின்மேல் நிற்கும் சர்க்காரில் பங்கு கொள்வதும் பாபம் என்று தொடங்கி, உள்நாட்டு யுத்த காலத்திலுங்கூட அந்த நிலையிலிருந்து அசையவில்லை. ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தம் முதுமையில் பாலூவுடன் கடிதத் தொடர்பு கொண்டது இதனால்தான். மனச்சாட்சியிலிருந்து புறப்பட்டவருக்குத் துப்பாக்கியும் ஒருநாள் நியாயமாகத் தோன்றிற்று. அஹிம்சையிலிருந்து புறப்பட்டவர் சர்க்காரையே விட்டு விலகவேண்டியதாயிற்று. இருவரும் கொஞ்ச தூரம் ஒரே பாதையில் நடந்தவர்கள், அவ்வளவே. என் மனம் பாலூவின் பக்கம் சாய்கிறது. எனினும் அடிமைச் சந்தைக்கு நடுவே நின்றிருந்தால் அப்படியே சாய்ந்திருக்குமா என்பது எனக்கே நிச்சயமில்லை.

உங்கள் கல்லூரிப் புத்தகசாலையில் தோரோவின் 1849 வியாசமும் 1859 பிரசங்கமும் கிடைத்தால், இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, எழுதியவர் ஒருவரா இருவரா என்று உனக்குத் தோன்றுவதை எனக்கு எழுது.

இப்படிக்கு,
மாமா