நடுவருக்கும் பயிற்சி வேண்டும்

சிலம்பம், கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை ஆகிய தற்காப்புக் கலைகளை இன்று பெண்களும் விரும்பிப் பயில்கின்றனர். இவற்றுள் சிலம்பம் நம் மண்ணுக்கே உரியது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது நமக்கெல்லாம் பெருமையே. ஆடுபவர் எத்தனை ஆண்டு பயின்றார் என்று எல்லாரும் கேட்கிறோம். அவருக்கு வெற்றி தோல்வி கூறும் நடுவர் எவ்வளவு பயின்றார் என்று கேட்பவர் மிகச் சிலரே.

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவரை யாவரும் காண்கிறோம். நீளம் தாண்டுதலுக்கு அளவு நாடா உண்டு. சண்டைக் கலைகளிலோ அடி பட்டதா, தடுக்கப்பட்டதா என்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நடுவர் நிற்கும் இடத்திலிருந்து ஆட்டக்காரரின் முதுகு மட்டும் தெரிந்தால் அவர்தாம் என்ன செய்வார்? சிலம்பத்தில் இதற்கு ஓர் அழகான வழி உண்டு. கழியின் நுனியில் சாந்து தடவி ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் உடலில் பதிந்த பொட்டுகளை எண்ணினால் போதும். அடியே சாட்சி சொல்லிவிடும்!

எல்லாக் கலைகளிலும் பொட்டு வைக்க முடியாதல்லவா? ஆகவே கண்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். கராத்தேயில் களத்தினுள் ஒரு நடுவர் நிற்க, நான்கு மூலைகளிலும் நால்வர் சிவப்பு, நீலக் கொடிகளுடன் அமர்வது வழக்கம். இருவராவது ஒரே நிறக் கொடியை உயர்த்தினால்தான் புள்ளி கிடைக்கும். இப்பணிக்குத் தேர்வுகள் உண்டு. படிப்படியாகவே மேல்நிலைக்கு உயரலாம். விதிகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. எங்கே நிற்பது, எப்போது நகர்வது, எந்தக் கையால் சைகை காட்டுவது என்பவற்றையெல்லாம் பழக வேண்டும். குத்துச்சண்டையில் தடுமாறுபவரைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணுபவரும் நடுவரே. அங்கே அவர் காப்பது புள்ளியை அன்று, உயிரை.

பயிற்சி பெற்றவர்களும் தவறுவதுண்டு. 1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் விட்டதாகவும், தென்கொரியாவின் பார்க் சி ஹுன் 32 மட்டுமே விட்டதாகவும் கணக்கிட்டனர். ஆனால் 3-2 என்று வென்றவர் பார்க்! அதன்பின் 1992இல் பொத்தான் முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரு வினாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் பொத்தானை அழுத்துவது மனிதனின் விரல்தானே? 2013இல் அம்முறை கைவிடப்பட்டது.

2014 இன்சியான் ஆசியப் போட்டியின் அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி தோற்றதாக அறிவிக்கப்பட்டபோது இந்தியாவே கொதித்தது. அவர் மேடையில் வெண்கலப் பதக்கத்தை ஏற்காமல், தம்மை வென்ற தென்கொரிய வீராங்கனையிடமே அளித்துவிட்டார். அதற்காக அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவர் செய்தது சரியா என்று எங்கள் வகுப்பில் விவாதித்தபோது இரண்டாகப் பிரிந்து நின்றோம். முறையிட நல்ல வழி இருந்திருந்தால் அவர் மேடையில் அழ நேர்ந்திராது என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒன்றாயின.

இதைவிட வருந்தத்தக்கது 2016 ரியோ ஒலிம்பிக். அங்கே சில ஆட்டங்களின் முடிவுகள் திரிக்கப்பட்டன என்று 2021இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. சொன்னபடி கேட்கும் நடுவர்களைப் பொறுக்கி நியமித்தவர்கள், அவர்களை மேற்பார்வையிட வேண்டிய அதிகாரிகளே! 2023இல் அந்த உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ஒலிம்பிக் குழு நீக்கிவிட்டது.

பல்லடம், திருப்பூர்ப் பகுதியில் இதை விளக்கத் தேவையில்லை. நம் தாய்மார்களில் பலர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்க்கிறார்கள். தைத்தவரே தம் துணியைத் தேர்ந்து அனுப்புவதில்லை. செக்கிங் முடிந்த பெட்டியையும் வேறொருவர் பிரித்துப் பார்க்கிறார். ஊர்ப் போட்டிகளிலோ பயிற்சி பெற்ற நடுவர்கள் குறைவாதலால், பிள்ளைகளை அழைத்து வரும் ஆசான்களே நடுவராகவும் அமர நேரிடுகிறது. அவர்கள் நேர்மையானவர்களே. ஆனாலும் தம் மாணவி ஆடும்போது அந்த ஆசான் எழுந்துகொண்டு வேறொருவரை அமர்த்துவது அவருக்கே நல்லது.

இதற்குப் பெரும் செலவில்லை. ஒவ்வொரு நடுவரும் அடுத்தவர் தாளைப் பாராமல் மதிப்பெண் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அத்தாள்களைப் பத்திரப்படுத்தி, போட்டி முடிந்ததும் மூத்த நடுவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நால்வர் ஒரு பக்கமும் ஒருவர் மட்டும் மறுபக்கமும் அடிக்கடி நின்றால் அவரை அழைத்துக் காரணம் கேட்கலாம். சில வேளை அந்த ஒருவருக்குத்தான் சரியான கோணம் கிடைத்திருக்கும். அதையும் கேட்டால்தான் அறியலாம். நேரம் குறிக்கும் மேசையில் எங்களைப் போன்ற மாணவியரையும் அமர்த்தினால், சில ஆண்டுகளில் பெண் நடுவர்களும் நம் ஊரிலேயே கிடைப்பார்கள்.